புரோட்டீன் ஜோடி கணிப்பு சொதப்புதா? அறிகுறியைப் பாத்து பிழையைப் பிடிக்கிற வழி

ரெண்டு புரோட்டீனோட சீக்வென்ஸை, அதாவது அமினோ அமிலங்களை எழுத்தா எழுதின வரிசையை, குடுத்தா அது ரெண்டும் செல்லுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுமா ஒட்டாதான்னு கம்ப்யூட்டரை வச்சு சொல்றதுதான் இந்த வேலை. மத்த ப்ரோக்ராம்ல தப்பு பண்ணா எரர் வரும், நின்னு போகும், நமக்கும் தெரிஞ்சிடும். இதுல அப்படி இல்ல, எங்க தப்பு இருந்தாலும் ஓடி முடிச்சு அழகா 0.97ன்னு ஒரு நம்பரைக் கையில குடுத்துடும். அந்த நம்பரை நம்பி லேப்ல ஒருத்தர் ஜீனை க்ளோன் பண்ணி, செல் வளத்து, ஆன்டிபாடி வாங்கி, மாசக்கணக்குல உழைச்சு கடைசியில ஒட்டினதைக் காட்டுற பேண்டே இல்லாத ஜெல்லைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன்.

வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு என்ன அறிகுறியோ அங்க போயிடுங்க. ஆனா எந்த அறிகுறியா இருந்தாலும் மாடல்ல (டேட்டாவைப் பாத்து கணிக்கக் கத்துக்கிற ப்ரோக்ராம்ல) கை வைக்கிறதுக்கு முன்னாடி டேட்டாவைப் பாருங்க. லேயரைக் கூட்டுறது, லேர்னிங் ரேட்டைத் திருகுறது எல்லாம் அப்புறம்.

அறிகுறி: டெஸ்ட்ல 95 சதவீதத்துக்கு மேல வருது, புதுப் புரோட்டீனைக் குடுத்தா பூவா தலையா போட்ட மாதிரி இருக்கு

நான் பாத்த சொதப்பல்ல முக்கால்வாசி இதுதான், அதனால இதுக்கு நேரம் எடுத்துக்கிறேன். ஜோடி லிஸ்டை எடுத்து குலுக்கி, மாடல் படிக்க எண்பது சதவீதம் ட்ரெய்னிங், பரீட்சை வைக்க இருபது சதவீதம் டெஸ்ட்னு பிரிச்சிருப்பீங்க. ஜோடி பிரிஞ்சிடுச்சு, ஆனா புரோட்டீன் பிரியல. டெஸ்ட்ல இருக்கிற ஜோடியில ரெண்டு பேருமே ட்ரெய்னிங்ல வேற யார் கூடவோ ஏற்கனவே வந்தவங்கதான். மாடல் எந்த இடம் எந்த இடத்தோட ஒட்டும்னு கத்துக்கவே இல்ல, இந்தப் புரோட்டீன் வந்தா ஆமாம் சொல்லு, அந்தப் புரோட்டீன் வந்தா இல்ல சொல்லுன்னு ஆளை அடையாளம் வச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

இது புதுசா கண்டுபிடிச்ச பிரச்சனையும் இல்ல. 2012லயே பார்க்கும் மார்கோட்டும் டெஸ்ட் ஜோடிகளை மூணு வகையா பிரிச்சு காட்டினாங்க: ரெண்டு புரோட்டீனும் ட்ரெய்னிங்ல பாத்தது, ஒண்ணு மட்டும் பாத்தது, ரெண்டுமே பாக்காதது. முதல் வகையில பிரமாதமா வர்ற முறைகள் மூணாவது வகைக்கு வரும்போது சரசரன்னு இறங்குது. 2024ல பெர்னெட், ப்ளூமென்தால், லிஸ்ட் மூணு பேரும் சீக்வென்ஸை மட்டும் வச்சு வேலை செய்யற டீப் லேர்னிங் மாடல்களை எடுத்து, இந்தக் கசிவை முழுசா அடைச்சிட்டு திரும்ப ஓட்டினாங்க, கிட்டத்தட்ட எல்லாமே குருட்டாம்போக்குல சொல்ற அளவுக்கு வந்து நின்னுச்சு. என்னோட முதல் மாடலுக்கும் இதே கதிதான், தொண்ணூறைத் தாண்டி இருந்தது புரோட்டீன் வாரியா பிரிச்ச அன்னைக்கே ஐம்பத்திச் சொச்சத்துக்கு வந்துடுச்சு, அதுக்குள்ள அந்த லிஸ்டை ஒருத்தர்கிட்ட குடுத்தும் இருந்தேன். அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

உங்க மாடல் இதுல மாட்டியிருக்கான்னு பாக்க மூணு வேலை பண்ணுங்க, எல்லாம் சேந்து ஒரு மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். டெஸ்ட் ஜோடியில எத்தனையில ரெண்டு புரோட்டீனும் ட்ரெய்னிங்ல இருக்குன்னு எண்ணுங்க. அடுத்து, மாடலே இல்லாம, ட்ரெய்னிங்ல முதல் புரோட்டீனுக்கு எத்தனை கூட்டாளி, ரெண்டாவதுக்கு எத்தனை கூட்டாளின்னு எண்ணி ரெண்டையும் பெருக்கி அதையே ஸ்கோரா வச்சு பாருங்க, இந்தப் பெருக்கல் கணக்கு உங்க மாடலுக்குப் பக்கத்துல வந்துட்டா உங்க மாடல் கத்துக்கிட்டதும் அதைத்தான். மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒவ்வொரு புரோட்டீனோட சீக்வென்ஸையும் தூக்கிட்டு அதே நீளத்துல தாறுமாறான எழுத்துகளைப் போடுங்க, ஒரு புரோட்டீனுக்கு எல்லா ஜோடியிலயும் அதே தாறுமாறுதான் இருக்கணும். இப்ப திரும்ப ட்ரெய்ன் பண்ணுங்க. உயிரியலே இல்லாத எழுத்துல ஸ்கோர் அப்படியே நின்னா வேற சாட்சி வேண்டாம்.

சரி பண்றது: புரோட்டீனை முதல்ல பிரிங்க, ஜோடியை அப்புறம் எடுங்க. வெறும் பேர் மட்டும் வேறயா இருந்தா பத்தாது, அண்ணன் தம்பி புரோட்டீன் ரெண்டு பக்கமும் இருந்தா திரும்ப அதே கதைதான், அதனால ஒத்த சீக்வென்ஸ்களைக் கண்டுபிடிச்சு சேக்கிற சிடி-ஹிட்டோ எம்எம்சீக்ஸ்2வோ வச்சு 40 சதவீத ஒற்றுமையில கொத்து கொத்தா சேத்துட்டு கொத்தோட ஒரு பக்கமா தள்ளுங்க. சிடி-ஹிட்ல 40க்கு போகும்போது வேர்டு சைஸை (ஒப்பிடுற எழுத்துத் துண்டோட நீளத்தை) 2ன்னு வைக்கணும், வழக்கமா இருக்கிற 5லயே விட்டா ஓடாது. ஒரு புரோட்டீன் ட்ரெய்னிங்லயும் இன்னொண்ணு டெஸ்ட்லயும் மாட்டின ஜோடிகளைத் தூக்கிப் போடணும், நிறைய போகும், வயிறு எரியும், ஆனாலும் தூக்கிடுங்க.

அறிகுறி: எந்த மாடலைப் போட்டாலும், எவ்வளவு சின்னதா இருந்தாலும், நல்லாவே வருது

நெகட்டிவ் லிஸ்ட்ல, அதாவது ஒட்டாத ஜோடிகளோட லிஸ்ட்ல, கோளாறு. ஒட்டாத ஜோடின்னு யாரும் ஆராய்ச்சி பண்ணி எழுதி வைக்கிறது ரொம்பக் குறைவு, நெகடோம்னு ஒரு தொகுப்பு இருக்கு, ஆனா சின்னது. அதனால நாமளே செஞ்சுக்கிறோம், செய்யும்போதே விடையையும் உள்ள வச்சு தச்சுடறோம்.

ரொம்ப நாளா இருக்கிற ஒரு வழக்கம், ஒண்ணு நியூக்ளியஸ்ல இருக்கிறது, இன்னொண்ணு மைட்டோகாண்ட்ரியால இருக்கிறது, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது, அதனால நெகட்டிவ்ங்கிறது. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போற புரோட்டீனுக்கு முன்பக்கத்துல ஒரு முகவரிச் சீட்டு மாதிரி சீக்வென்ஸ் இருக்கும், மாடல் அந்தச் சீட்டைப் படிக்கக் கத்துக்கிட்டு ரெண்டும் வேற வேற முகவரின்னு சொல்லி மார்க் வாங்கிடும். 2006லயே பென்-ஹரும் நோபிளும் இது ஸ்கோரை ஊதிப் பெருசாக்குதுன்னு காட்டிட்டாங்க.

சரி, குலுக்கல் முறையில எடுக்கலாம்னா அதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. பாசிட்டிவ் (ஒட்டுற ஜோடி) லிஸ்ட்ல பி53 மாதிரி ஊரெல்லாம் கூட்டாளி இருக்கிற புரோட்டீன் நூத்துக்கணக்குல வரும், நெகட்டிவ்ல எல்லாருக்கும் சம வாய்ப்பு குடுத்து எடுத்தா அதே பி53 ஒண்ணோ ரெண்டோ தடவைதான் வரும். அப்ப பி53ன்னாலே ஆமாம். இதுக்கு மருந்து, ஒவ்வொரு புரோட்டீனும் பாசிட்டிவ்ல எத்தனை தடவை வருதோ ஏறக்குறைய அத்தனை தடவை நெகட்டிவ்லயும் வர்ற மாதிரி எடுக்கிறது. அப்படி எடுத்ததும் ஸ்கோர் இறங்கும். இறங்கினதுதான் உண்மையான ஸ்கோர், அங்கேருந்து மேல ஏத்தப் பாருங்க.

அறிகுறி: டெஸ்ட்ல பிரமாதம், முழு புரோட்டியோமை (ஒரு உயிரினத்தோட எல்லாப் புரோட்டீனையும்) ஓட்டினா லட்சக்கணக்குல ஜோடி கொட்டுது

இங்க பக் எதுவும் இல்ல, கணக்குதான். ஒரு தடவை பொறுமையா போட்டுப் பாத்துட்டா வாழ்க்கை முழுக்க மறக்காது.

மனுஷனுக்கு புரோட்டீன் செய்யற ஜீன் சுமார் 20,000. ரெண்டு ரெண்டா ஜோடி சேத்தா கிட்டத்தட்ட 20 கோடி ஜோடி. அதுல நிஜமா எத்தனை ஒட்டும்னு கணிச்சவங்க ரொம்ப வேற வேற நம்பர் சொல்றாங்க, 2008ல ஸ்டம்ப் குழு சுமார் 6.5 லட்சம்னாங்க, 2009ல வெங்கடேசன் குழு சுமார் 1.3 லட்சம்னாங்க. பெரிய நம்பரையே எடுத்துக்குவோம், நமக்குச் சாதகமா இருக்கட்டும். உங்க மாடல் ஒட்டுறதுல 90 சதவீதத்தைப் பிடிக்குது, ஒட்டாததுல 1 சதவீதத்துல மட்டும் தப்பா ஆமாம் சொல்லுதுன்னு வச்சுக்கோங்க, பேப்பர்ல போடுற அளவுக்கு நல்ல மாடல். பிடிச்சது 5.85 லட்சம். தப்பா சொன்னது 20 கோடியில ஒரு சதவீதம், அதாவது 20 லட்சம். மொத்த லிஸ்ட்ல நாலுல ஒண்ணு கூட சரியா இல்ல. சின்ன நம்பரை, அதான் 1.3 லட்சத்தை எடுத்தா இருபதுல ஒண்ணுதான் தேறும்.

இன்னொரு விதமாவும் பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு பாசிட்டிவ் நெகட்டிவ் வச்சு ட்ரெய்ன் பண்ண மாடல் ஒரு ஜோடிக்கு 0.9 குடுக்குதுன்னா அதை எல்லாரும் 90 சதவீத வாய்ப்புன்னு படிக்கிறாங்க. அந்த 0.9 சரியா அளந்த நம்பராவே இருந்தாலும், ஒட்டுறதும் ஒட்டாததும் பாதிப் பாதி இருக்கிற உலகத்துலதான் அது 90 சதவீதம். 300க்கு ஒண்ணு ஒட்டுற நிஜ உலகத்துல ஒன்பதுக்கு ஒண்ணுங்கிற சாதகத்தை 300ஆல வகுக்கணும், வகுத்தா 3 சதவீதம். எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க.

செய்ய வேண்டியது: டெஸ்ட் செட்ல ஒண்ணுக்கு ஒண்ணு வைக்காதீங்க, குறைஞ்சது ஒண்ணுக்குப் பத்து, முடிஞ்சா ஒண்ணுக்கு நூறு. ஏயூஆர்ஓசியை (ஒட்டுற ஜோடிக்கு ஒட்டாததை விட கூட ஸ்கோர் குடுக்குதான்னு பாக்குற அளவை) மட்டும் பாத்து திருப்திப்படாதீங்க, நெகட்டிவ் எவ்வளவு கூடினாலும் அது அசையாது. பிரிசிஷன் (ஆமாம்னு சொன்னதுல எத்தனை சரி), ரீகால் (நிஜமா ஒட்டுறதுல எத்தனை பிடிபட்டுச்சு) வளைவைப் பாருங்க, அதுல கணிப்பே தெரியாத மாடலுக்குக் கிடைக்கிற ஸ்கோர் டெஸ்ட்ல பாசிட்டிவ் எத்தனை பங்கோ அதேதான், ஒண்ணுக்கு நூறுன்னா 0.01, அதனால அங்க 0.3 வந்தாலே உருப்படியா ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். அப்புறம் 20 கோடியையும் ஓட்டணும்னு என்ன கட்டாயம்? ஒரே திசுவுல உருவாகாததை, ஒரே இடத்துல இல்லாததை முதல்லயே வடிகட்டிட்டா தப்பு வர்ற வாய்ப்பே நல்லா குறையும். ட்ரெய்னிங்ல இந்த வடிகட்டல் விஷம், கடைசிக் கட்டத்துல மருந்து.

அறிகுறி: பாசிட்டிவ் லிஸ்ட்லயே சிலது ஒட்டும்னு தோணல

தோணினது சரி. புரோட்டீன் தொடர்புகளைச் சேத்து வச்சிருக்கிற ஸ்ட்ரிங் டேட்டாபேஸ்லேந்து கோடு (தொடர்பு) இருக்கிற எல்லாத்தையும் இறக்கியிருந்தா அதுல பெரும்பாலானது ரெண்டு புரோட்டீனும் ஒரே வேலையில சம்பந்தப்பட்டிருக்குன்னுதான் சொல்லுது, கை கோத்து நிக்குதுன்னு சொல்லல. ஒரே பாதையில அடுத்தடுத்து வேலை பாக்குற ரெண்டு என்சைம், ஒரே கட்டுரையில அடிக்கடி சேந்து வர்ற ரெண்டு பேர், எல்லாத்துக்கும் கோடு உண்டு. ஒட்டுறது மட்டும் வேணும்னா ஃபிசிக்கல் சப்நெட்வொர்க்னு தனியா குடுக்கிறாங்க, அதை எடுங்க. 0.7, 0.9ங்கிற ஸ்கோரும் அந்தத் தொடர்பு உண்மையா இருக்கும்ங்கிற நம்பிக்கையோட அளவு, எவ்வளவு இறுக்கமா ஒட்டுதுங்கிற அளவு இல்ல. இதைக் குழப்பிக்கிட்டு, ஸ்கோர் கூட இருக்கிறதால பிடிமானம் வலுவா இருக்குன்னு எழுதினதை நிறைய பாத்திருக்கேன்.

பயோகிரிட்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல எடுத்தா, அதுல ஜெனடிக் இன்டராக்‌ஷனும் கலந்து இருக்கும். ரெண்டு ஜீனையும் சேத்து எடுத்தா ஈஸ்ட் செத்துப் போகுது, ஒண்ணை மட்டும் எடுத்தா பொழைக்குது, இந்த மாதிரி. அது அருமையான தகவல்தான், ஆனா அந்த ரெண்டு புரோட்டீனும் வாழ்நாள்ல சந்திக்காமலே இருந்திருக்கலாம். சோதனை வகைன்னு ஒரு நெடுவரிசை இருக்கும், அதுல பிசிக்கல்னு இருக்கிறதை மட்டும் வச்சுக்கோங்க.

அடுத்தது, ஒரு புரோட்டீனைத் தூண்டில்ல மாட்டி இழுத்து, கூட வந்ததையெல்லாம் மாஸ் ஸ்பெக்ல (எடையை வச்சு புரோட்டீனை அடையாளம் காட்டுற கருவியில) பாக்கிற சோதனை. தூண்டில் ஒண்ணு, கூட வந்தது பத்துன்னு வைங்க. தூண்டிலுக்கும் ஒவ்வொண்ணுக்கும் கோடு போட்டா 10 ஜோடி, எல்லாருக்கும் எல்லாருக்கும் போட்டா 55 ஜோடி. அந்த 55ல எத்தனை நேரடியா தொட்டுக்குதுன்னு சோதனை சொல்லவே இல்ல. நேரடி ஜோடி வேணும்னா ரெண்டு புரோட்டீனை ஈஸ்ட் செல்லுக்குள்ள வச்சு ஒட்டுதான்னு பாக்குற ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் பக்கம் போங்க, 1989ல ஃபீல்ட்ஸும் சாங்கும் கொண்டுவந்த முறை, மனுஷ புரோட்டீனுக்கு 2020ல வந்த ஹியூரி தொகுப்புல அப்படி எடுத்த ஜோடி சுமார் 53,000 இருக்கு. தூண்டில் சோதனையில கெரட்டின், ஹீட் ஷாக் புரோட்டீன், ரைபோசோம் புரோட்டீன் எல்லாம் யாரை இழுத்தாலும் கூடவே வரும், அதைக் கழிக்க க்ராபோம்னே ஒரு பட்டியல் இருக்கு.

அறிகுறி: பாதிப் புரோட்டீன் காணோம், இல்லன்னா எண்ணிக்கை ஒத்துப்போகல

பேர் மாத்துற இடத்துலதான் தொலைஞ்சிருக்கும். ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு பேர் வைக்கும், யூனிப்ராட்ல ஒரு பேர், என்செம்பிள்ல ஒரு பேர், ஸ்ட்ரிங்ல என்செம்பிள் பேருக்கு முன்னாடி 9606ன்னு மனுஷனுக்கான எண்ணும் புள்ளியும் ஒட்டிக்கிட்டு வரும். பி53க்கு யூனிப்ராட்ல பி04637, அதுக்கே ஐசோஃபார்ம்னா (அதே ஜீன்லேந்து வர்ற வேற வடிவம்னா) சின்ன கோடு (-) போட்டு 2, 3ன்னு வரும், ஒரு ஃபைல்ல அந்தக் கோடு இருக்கும் இன்னொண்ணுல இருக்காது, ரெண்டையும் சேக்கும்போது சத்தமில்லாம உதிர்ந்துடும். ஒவ்வொரு ஜாயினுக்கும் முன்னாடி எத்தனை வரி பின்னாடி எத்தனை வரின்னு பிரிண்ட் போடுங்க.

எக்செல்ல ஒரு தடவை திறந்து சேவ் பண்ணீங்களான்னும் யோசிச்சுப் பாருங்க. செப்ட்2, மார்ச்1ன்னு பேர் இருந்த ஜீன்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1ன்னு தேதியா மாத்திடும். அப்ப எக்செல் மாறல (தேதியா மாத்துறதை நிறுத்துற வசதி 2023லதான் வந்துச்சு), ஜீன் பேருக்குப் பொறுப்பான கமிட்டிதான் 2020ல செப்டின்2, மார்ச்எஃப்1ன்னு பேரையே மாத்தினாங்க. பழைய ஃபைல்ல பழைய பேர்தான் இருக்கும், அதனால ஜீன் பேர் இருக்கிற நெடுவரிசையில தேதி மாதிரி ஏதாவது இருக்கான்னு ஒரு தேடு தேடிடுங்க.

அறிகுறி: முதல் ரெண்டாவதை மாத்திக் குடுத்தா ஸ்கோர் மாறுது

ரெண்டு புரோட்டீனோட வெக்டரையும் (அதைக் குறிக்கிற எண் வரிசையையும்) அப்படியே ஒட்டி உள்ள அனுப்பியிருக்கீங்க. கூட்டல், பெருக்கல், வித்தியாசத்தோட தனி மதிப்பு, இப்படி வரிசை மாறினாலும் மாறாத மாதிரி சேருங்க, இல்ல ரெண்டு வரிசையிலயும் ஓட்டி சராசரி எடுங்க. இது இருந்தா இன்னொண்ணும் இருக்கும்: ஒரே ஜோடி ஒரு வரிசையில ட்ரெய்னிங்லயும் மறு வரிசையில டெஸ்ட்லயும். அகர வரிசைப்படுத்தி டூப்ளிகேட் எடுத்துடுங்க.

அறிகுறி: புதுசா ஒரு ஃபீச்சர் (மாடலுக்குக் குடுக்கிற தகவல்) சேத்ததும் ஸ்கோர் எகிறுது

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அந்த ஃபீச்சர் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. ஜீன் எல்லாம் என்ன வேலை செய்யுதுன்னு குறிச்சு வச்ச ஜீன் ஆன்டாலஜியில ஒவ்வொரு குறிப்புக்கும் எதை வச்சு சொல்றோம்னு ஒரு ஆதாரக் குறியீடு இருக்கும், அதுல ஐபிஐன்னா இன்னொரு புரோட்டீனோட ஒட்டினதைப் பாத்து எழுதினது. விடையைப் பாத்து எழுதின குறிப்பை வச்சு விடையைக் கணிச்சா எகிறத்தான் செய்யும். ஐபிஐ வரிகளைக் கழிச்சுட்டு ஓட்டுங்க. ஸ்ட்ரிங்கோட டெக்ஸ்ட்மைனிங் ஸ்கோரை (கட்டுரைகள்ல பேர் சேந்து வர்றதை வச்சுப் போடுறதை) ஃபீச்சரா போடுறதும் இதே ரகம்.

அறிகுறி: பெரிய புரோட்டீன்ல மட்டும் சொதப்புது

புரோட்டீன் சீக்வென்ஸைப் படிச்சுக் கத்துக்கிட்ட இஎஸ்எம்-2 மாதிரி லேங்குவேஜ் மாடல்லேந்து எம்பெடிங் (சீக்வென்ஸை எண்ணா மாத்தினது) எடுக்கிறீங்கன்னா நீளத்தைப் பாருங்க. அதை ட்ரெய்ன் பண்ணதே 1024 டோக்கன் (ஒரு அமினோ அமிலத்துக்கு ஒண்ணு) அளவுல, நிறைய பேரோட கோட்ல அதுக்கு மேல இருக்கிறதை வெட்டிடுற மாதிரி எழுதியிருக்கும், ஒரு வார்னிங் கூட வராது. பிஆர்சிஏ1ங்கிற புரோட்டீனை எடுத்துக்கோங்க, 1863 அமினோ அமிலம். பார்ட்1 கூட ஒட்டுற ரிங் பகுதி ஆரம்பத்துலயே இருக்கு, தப்பிச்சிடும். பாஸ்பேட் ஏறின கூட்டாளிகளைப் பிடிக்கிற பிஆர்சிடி பகுதி ரெண்டும் 1640க்கு மேல கடைசியில இருக்கு, அது வெட்டுப்பட்டுப் போச்சு. அப்ப அந்தக் கூட்டாளிகளை மாடல் எப்படிக் கண்டுபிடிக்கும், அந்தக் கையே அதுக்குத் தெரியாதே. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி துண்டு துண்டா எம்பெடிங் எடுத்து சேருங்க, இல்லன்னா டொமைன் (புரோட்டீன்ல தனியா மடியற பகுதி) வாரியா பிரிச்சு ஒவ்வொரு டொமைனையும் தனியா குடுங்க. மொத்தத்துக்கும் சராசரி எடுத்து ஒரே வெக்டராக்குறதும் இங்க உதவாது, பதினஞ்சு அமினோ அமிலத்துல நடக்கிற ஒட்டல் ரெண்டாயிரத்துல கரைஞ்சு போயிடும்.

அறிகுறி: ஒட்டும்னு உறுதியா தெரிஞ்ச ஜோடிக்கு ஆல்ஃபாஃபோல்ட் குறைச்ச ஸ்கோர் குடுக்குது

ஆல்ஃபாஃபோல்ட்ங்கிறது சீக்வென்ஸ்லேந்து புரோட்டீனோட வடிவத்தைக் கணிக்கிற மாடல். இங்க பி53ஐயும் எம்டிஎம்2ங்கிற புரோட்டீனையும் வச்சே சொல்றேன். இது ரெண்டும் ஒட்டும்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, 1996லயே க்ரிஸ்டல் ஸ்ட்ரக்சர் வந்தாச்சு, ஸ்ட்ரக்சர் தொகுப்பான பிடிபில அதோட எண் 1ஒய்சிஆர். பி53 393 அமினோ அமிலம், எம்டிஎம்2 491. ரெண்டையும் முழுசா குடுத்து ஓட்டினா ரெண்டுலயும் பெரிய பகுதி வடிவமே இல்லாம நூல் மாதிரி தொங்குற பகுதி, ஐபிடிஎம் (ரெண்டும் ஒட்டுற விதத்தை எவ்வளவு நம்பலாம்னு ஆல்ஃபாஃபோல்ட் குடுக்கிற ஸ்கோர்) கணக்கு சங்கிலி, அதாவது புரோட்டீன், முழுசையும் சேத்துத்தான் பாக்கும், அதனால ஒட்டுற இடம் சரியாவே இருந்தாலும் தொங்குற பகுதியெல்லாம் சேந்து ஸ்கோரைக் கீழ இழுத்துடும். நிஜமா ஒட்டுற இடம் எவ்வளவுன்னு பாத்தா, பி53ல 15லேந்து 29 வரைக்கும் ஒரு சின்னத் துண்டு, அது சுருண்டு ஹெலிக்ஸாகி ஃபெனைல்அலனின் 19, ட்ரிப்டோஃபன் 23, லூசின் 26 மூணையும் எம்டிஎம்2வோட முன்பகுதியில இருக்கிற ஒரு பள்ளத்துக்குள்ள மூணு விரலை அழுத்தின மாதிரி செருகிக்கும். மொத்தக் கதையும் அந்த மூணுலதான். க்ரிஸ்டல்ல கூட அவங்க முழுப் புரோட்டீனை வைக்கல, இந்தப் பதினஞ்சையும் எம்டிஎம்2ல 17லேந்து 125 வரைக்கும்தான் வச்சாங்க.

அதனால செய்ய வேண்டியது, முதல்ல ஐபிடிஎம்மை விட்டுட்டு பிஏஇ படத்தை (எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவுல எவ்வளவு பிழை இருக்கலாம்னு காட்டுற படத்தை) திறங்க. மூலைவிட்டத்துக்கு வெளிய இருக்கிற ரெண்டு கட்டம்தான் ஒரு சங்கிலிக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல இருக்கிற சங்கதி. அதுல சின்னதா ஒரு பட்டையாவது பிழை குறைவா, அஞ்சு ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கமா இருக்கான்னு தேடுங்க. இருந்தா அந்த எண்களைக் குறிச்சு, சுத்தி கொஞ்சம் விட்டு, அந்தத் துண்டுகளை மட்டும் திரும்ப ஓட்டுங்க. பட்டையே இல்லன்னா பிஎல்டிடிடி (ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் வர்ற நம்பிக்கை ஸ்கோர்) 50க்குக் கீழ இருக்கிற நீளமான வால்களை வெட்டிட்டு ஓட்டிப் பாருங்க. தொங்குற பகுதியால வர்ற இந்தக் குறையைச் சரி பண்றதுக்காகவே 2025ல டன்ப்ராக் ஐபிஎஸ்ஏஇன்னு ஒரு அளவு கொண்டுவந்தார், பிஏஇ நல்லா இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடும், வச்சுக்கோங்க, உதவும்.

அதுக்கு அப்புறமும் வரலன்னா ஒட்டுறதுக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கான்னு யோசிங்க. 14-3-3 புரோட்டீன்கள் பெரும்பாலும் பாஸ்பேட் ஏறின செரீன், த்ரியோனினைத்தான் பிடிக்கும், எஸ்எச்2 டொமைன் பாஸ்பேட் ஏறின டைரோசினை. வெறும் சீக்வென்ஸைக் குடுத்தா அந்தப் பாஸ்பேட் எங்க இருக்கு? ஆல்ஃபாஃபோல்ட் 3ல அதைச் சேத்தே குடுக்க முடியும், சேருங்க. மூணாவது ஆள் இருந்தாத்தான் ஒட்டுற ஜோடியும் உண்டு, மூணையும் சேத்து ஓட்டுங்க.

இன்னொரு எச்சரிக்கை. பி53 எம்டிஎம்2 மாதிரி பிரபலமான ஜோடியை வச்சு கருவி வேலை செய்யுதான்னு பாக்கலாம், ஆனா அது சரியா வந்ததை வச்சு உங்க புது ஜோடியும் சரியா வரும்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த ஸ்ட்ரக்சரைப் பாத்துத்தானே அது படிச்சே வந்திருக்கு. ஆல்ஃபாஃபோல்ட் 3க்கு 2021 செப்டம்பர் 30 வரைக்கும் வெளிவந்த ஸ்ட்ரக்சர் எல்லாம் பாடப்புத்தகம், சோதிக்கணும்னா அதுக்கு அப்புறம் வந்ததும், பழசோட ஒற்றுமை இல்லாததுமா பாத்து எடுங்க.

அறிகுறி: ஐபிடிஎம் 0.8க்கு மேல, லேப்ல ஒண்ணும் வரல

0.8க்கு மேல நம்பலாம், 0.6க்குக் கீழ பெரும்பாலும் தோல்வி, நடுவுல இருக்கிறது ரெண்டுங்கெட்டான், இதுதான் பொதுவா சொல்ற அளவுகோல். ஆனா அந்த நம்பருக்கு செல்லைப் பத்தி எதுவும் தெரியாது. ஒண்ணு ஈரல்லயும் இன்னொண்ணு மூளையிலயும் மட்டும் உருவாகுதா, ஒண்ணு மெம்பிரேனுக்கு உள்பக்கமும் இன்னொண்ணு வெளிப்பக்கமும் இருக்கா, இதெல்லாம் நீங்கதான் பாக்கணும். ஒரே குடும்பத்து ஆளுக்கும் இதே நம்பர் வருதான்னு பாருங்க, குடும்பத்துல பத்து பேருக்கும் 0.8 வந்தா ஒட்டுற பாணி சரி, ஆள் யாருன்னு அது சொல்லல. நீளமா சுருண்டு கயிறு மாதிரி இருக்கிற காயில்ட்-காயில் புரோட்டீன்கள் கணிப்புல யார் கூட வேணா பின்னிக்கும், அதுல கூடுதல் கவனம் வேணும். ஒரே சீட்ல (ஓட்டத்தைத் தொடங்குற தற்செயல் எண்ல) ஓட்டின ஒரே முடிவை நம்பாதீங்க, வேற வேற சீட் போட்டு அஞ்சு மாடலும் ஒரே இடத்துல ஒட்டுதான்னு பாருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் ஒட்டினா அது ஒட்டவே இல்லன்னு எடுத்துக்கோங்க.

லேப் பக்கமும் கேளுங்க. டூ-ஹைப்ரிட்ல ரெண்டு புரோட்டீனும் ஈஸ்ட்டோட நியூக்ளியஸுக்குள்ள சந்திக்கணும், மெம்பிரேன் புரோட்டீனுக்கு அது நடக்காத காரியம். தொட்டுட்டு உடனே விலகுற ஜோடின்னா இழுத்துக் கழுவும்போது போயிடும், பக்கத்துல இருக்கிறவங்க மேல பயோட்டினைப் பூசுற டர்போஐடி மாதிரி முறையில பாத்தா வரலாம். லேப்ல வரலங்கிறது எப்பவும் கணிப்பு தப்புங்கிறதுக்குச் சாட்சி ஆகாது, எந்தச் சோதனையில வரலன்னு கேட்டாத்தான் தெரியும்.

அறிகுறி: வைரஸ் மனுஷ ஜோடின்னா எதுவுமே தேறல

எம்எஸ்ஏல, அதாவது பல உயிரினத்துலேந்து ஒத்த சீக்வென்ஸ்களை வரிசையா அடுக்கி வச்ச அட்டவணையில, கோளாறு. ஒரே உயிரினத்துக்குள்ள இருக்கிற ஜோடின்னா ஈஸ்ட்ல இவரும் அவரும், எலியில இவரும் அவரும்னு உயிரினம் வாரியா ரெண்டு பேரோட சீக்வென்ஸையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம், ஒருத்தர் மாறும்போது இன்னொருத்தரும் மாறுறாரான்னு பாத்து ஒட்டுற இடத்தைப் பிடிக்கலாம். 2021ல ஈஸ்ட்ல 83 லட்சம் ஜோடியைச் சலிச்சு 1505 ஜோடியைத் தேத்தினதுக்கு அடிப்படையே இந்தச் சேந்து மாறுற தடயம்தான். வைரஸுக்கும் மனுஷனுக்கும் அப்படிச் சேக்க வழியே இல்ல, ரெண்டும் வேற வேற ஜீனோம். ஆன்டிபாடிக்கும் ஆன்டிஜெனுக்கும் இதே நிலைமை. இங்க குறைஞ்ச ஸ்கோரை இல்லன்னு படிக்காதீங்க, நிறைய சீட் போடுங்க, துண்டா வெட்டி ஓட்டுங்க, சோதனை டேட்டா இருந்தா அதைத்தான் முதல்ல நம்புங்க. கொரோனா வைரஸுக்கு 2020லயே தூண்டில் சோதனையில எடுத்த 332 ஜோடி இருக்கு, அந்த மாதிரி.

அறிகுறி: நடுவுலயே மெமரி பத்தாம செத்துப் போகுது

நீளம் ரெண்டு மடங்கானா ஜோடி அட்டவணை நாலு மடங்காகும். வால்களை வெட்டுங்க, எம்எஸ்ஏவைக் குறைங்க. ஒரே அளவுள்ள ஜோடிகளைச் சேத்து வரிசைப்படுத்தி ஓட்டினா எந்த நீளத்துல சாகுதுன்னும் தெரிஞ்சிடும்.

லிஸ்டை லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி

வெறும் ஸ்கோரை மட்டும் அனுப்பாதீங்க. பக்கத்துல எந்தத் துண்டு எந்தத் துண்டோட ஒட்டுதுன்னு எண்ணோட எழுதுங்க, எத்தனை சீட்ல ஒரே மாதிரி வந்துச்சுன்னு எழுதுங்க, ரெண்டும் ஒரே செல்லுல இருக்கிறதுக்கு என்ன ஆதாரம்னு எழுதுங்க, எந்த அமினோ அமிலத்தை மாத்தினா ஒட்டல் போகணும்னு ஒண்ணு ரெண்டு சொல்லுங்க. எம்டிஎம்2 ஜோடியா இருந்தா ட்ரிப்டோஃபன் 23ஐ மாத்திப் பாருங்கன்னு சொல்ற மாதிரி. அது இருந்தா அவங்களுக்குச் சோதிக்க ஒரு பிடி கிடைக்கும். அப்புறம் உங்க இருபது கணிப்போட, ஏற்கனவே ஒட்டும்னு தெரிஞ்ச ஜோடி அஞ்சையும், உங்க மாடல் ஒட்டாதுன்னு சொன்ன ஜோடி அஞ்சையும் பேரை மறைச்சு கலந்து குடுங்க. தெரிஞ்ச அஞ்சே ஜெல்லுல வரலன்னா மத்த இருபதைப் பத்தி அந்தச் சோதனை எதுவும் சொல்லலன்னு ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரிஞ்சிடும்.